சக்கரத்தடியில் எலுமிச்சை

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, சரிவில் நிற்கிறது வேன். ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை; முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்தான் காவல். லோகேஸ்வரன் கிளாம்பைத் திருகி, பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ளி, புதுப் பேட் போட்டுச் சக்கரத்தை மாட்டிவிட்டான். இனி பெடலைப் பலமுறை மிதித்தால்தான் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் பிடிக்கும். அதற்காகச் சீட்டில் ஏறுகிறான். கண்ணாடிக்கு வெளியே, பனிமூட்டத்தில், அவன் மனைவி மலர்விழி குனிந்து நிமிர்கிறாள். கையில் அந்தக் கல். "கல்ல ஏண்டி எடுத்த?" "பழம் வச்சிருக்கேங்க. ஏத்திட்டுப் போங்க." வேன் அசைகிறது. முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகிறது. இரண்டாவதற்கும். அவள் கல்லோடு முன்னாலேயே நிற்கிறாள். மூன்றாவது மிதியில் பெடல் கெட்டியாகிறது. வேன் நிற்கிறது. எலுமிச்சம்பழத்தின் சாறு டயரோரம் வடிகிறது. "பாதிதாங்க நசுங்கியிருக்கு, இன்னுங் கொஞ்சம் வாங்க," என்று கையசைத்துக் கூப்பிடுகிறாள்.