தனி வாளி

"தனித் தொட்டி! தனி வாளி! பெருக்கத் தனித் துடைப்பம் வேற! எந்தக் காலத்துல இருக்கோம் டாக்டரே?"

கோலப்பன் மேசையைத் தட்டிய தட்டில், சாம்பிளுக்கு வைத்திருந்த மிளகு நாலு பக்கமும் ஓடியது.

ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்கு மிளகும் ஏலக்காயும் மொத்த வியாபாரம். கல்லாறு போகிற வழியில் இருக்கும் குதிரைச் சவாரி கிளப்புக்கு இந்த வருஷம் அவர்தான் தலைவர். குதிரையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முன்பக்கம் எது என்பதுதான். ஆனால் சமத்துவத்தில் பண்டிதர். போன மாதம் வாசகசாலையில் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, பொன்னாடையோடு திரும்பியவர்.

கிளப்பின் புதுக் கால்நடை டாக்டர் இசக்கிமலர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"சார், புதுக் குதிரை ராணி வந்து இறங்கினதுமே லத்தியைச் சோதிச்சேன். நிறையப் புழு முட்டை. மத்த குதிரைங்களோட மேய விட்டா அது பொரிஞ்சு புல்லுல ஏறும். அந்தப் புல்லை மத்ததுங்க தின்னும்."

"மருந்து குடுத்தாச்சுல்லா?"

"குடுத்தாச்சு. அது கேட்டுச்சான்னு மறுபடி லத்தியைப் பாக்கணும். சில புழு இப்ப மருந்துக்கு அசையறதே இல்லை. போன மழைக்குக் குடல் அடைச்சு ஒரு குட்டி செத்துச்சே, அதுவும் புழுவாலதான். இப்ப இன்னொரு குட்டி மேய்ச்சல்ல நிக்குது சார்."

"புழு, குட்டின்னு சொல்லி ஒரு வாயில்லாச் சீவனைத் தள்ளி வைப்பியளோ? பேரு ராணி, கிடக்கது மூலைக் கொட்டகை! மெம்பர்மாரு ஒவ்வொருத்தரா போன்ல விளிச்சுக் கேக்காங்க. எனக்கு நாணக்கேடு! ஜெயகுமாரே, கேட்டேரா இந்த அநியாயத்தை?"

கணக்கர் ஜெயகுமார் தலையைத் தூக்கினார். "கேட்டேன் அண்ணாச்சி. மகா பாவமாக்கும்."

"ஒதுக்கி வைக்கதுங்கிற வார்த்தையே எனக்கு ஆகாது. நீங்க வேலைக்கு வந்த அன்னிக்கு, ஊர்ல எந்தத் தெருவுன்னு கேட்டேன். சொன்னிய. நான் ஏதாவது முகம் சுளிச்சேனா? அப்பமே ஆர்டர்ல கையெழுத்துப் போட்டேன்லா?"

"போட்டீங்க சார்."

"அதான் கோலப்பன்! நாளைக்குக் காலம்பற ராணி எல்லாத்தோடயும் ஒண்ணா மேயணும், ஒரே தொட்டியில தண்ணி குடிக்கணும். முடியாதுன்னா சொல்லிருங்க, வேற டாக்டரைப் பாத்துக்கிடுதோம்."

கோலப்பனுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. நியாயத்தை எடுத்துச் சொன்ன பிறகு அவருக்கு எப்போதுமே இரக்கம் வரும்.

"சரி, விடுங்க. பிச்சைக்கனி! டாக்டரம்மாவுக்கும் சேத்து டீ கொண்டு வாரும்."

கடையின் பழைய வேலையாள் பிச்சைக்கனி தட்டோடு வந்தார். முதலாளிக்கு ஒரு கண்ணாடி கிளாஸ். கணக்கருக்கு ஒரு கண்ணாடி கிளாஸ். டாக்டருக்குப் பேப்பர் கப்.

"எனக்கும் கிளாஸ்லயே தாங்கண்ணே."

பிச்சைக்கனி முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஏலக்காய் மூட்டையைப் பார்த்தார்.

"அது... ஒரு சுத்தத்துக்காக்கும் டாக்டரே. கண்ட நோயும் பரவுத காலம்."

"ஜெயகுமார் சாருக்குப் பரவாதா?"

ஜெயகுமார் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

இசக்கிமலர் பேப்பர் கப்பை மேசை நடுவே, சிதறிக் கிடந்த மிளகுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"லத்தி சுத்தம்னு வந்த அன்னிக்கே ராணியோட தனி வாளியைத் தூக்கி எறிஞ்சிருவேன் சார். எனக்கு எந்தச் சோதனை எடுக்கணும்?"