சங்கிலிப் பலகை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. ஈப்போவில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். கையிலிருக்கிற தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

"மொதல்ல அந்த அசிங்கத்தப் பேத்து எடுங்கண்ணே," என்றாள் செல்லாயி. "அவரு காப்பிக்கடையிலேருந்து வரதுக்குள்ள வேல முடியணும்."

போர்டு எழுதும் பத்துமலை சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குனியத்தான் வேண்டும். அந்தப் பலகை கதவுக்குப் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில் அல்லவா அடித்திருந்தது!

"என்ன தங்கச்சி இது? போர்டுன்னா அண்ணாந்து பாக்கணும்லா. இது என்ன, நாயும் பூனையும் படிக்கவா?"

செல்லாயிக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது. பழைய சைக்கிள் சங்கிலியை வளைத்து வளைத்து, 'செல்லாயி கடை' என்று கோணல்மாணலாக ஆணியடித்த பலகை அது. அவள் புருஷன் அர்ச்சுனன் தன் கையாலேயே செய்தது.

வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தை முதலாளி துண்டு துண்டாக விற்ற வருஷம் இருவரும் ஈப்போவுக்கு வந்தார்கள். கடை வரிசையில் ஓர் இடம் பிடித்து, சைக்கிள் பழுது பார்க்க உட்கார்ந்தார்கள். டியூப் ஒட்டுவதும் சக்கரம் கழற்றி மாட்டுவதும் அர்ச்சுனனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலு வருஷம் போர்டு இல்லாமலே கடை ஓடியது. போன வருஷம்தான் திடீரென்று இந்தப் பலகையைச் செய்துகொண்டு வந்து நின்றார்.

"எழுதுற ஆள வச்சு நல்லா எழுதுவோமேங்க," என்று அவள் அன்றைக்கே கெஞ்சினாள்.

"நம்ம கடைக்கு நம்ம கை போதும்லா." அதோடு பேச்சு முடிந்தது.

அப்புறம் எதிர் வரிசையில் இன்னொரு சைக்கிள் கடை வந்தது. சிவப்பும் மஞ்சளுமாய்ப் போர்டு, தெருமுனை வரைக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை அந்தப் பக்கமாய் உருட்ட ஆரம்பித்தார்கள்.

அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. ஒரு வருஷமாக அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பேச்சு ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கோலா கங்சார் பக்கம் போனபோது, ஈப்போதான் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். அந்தக் கோபம் அவருக்குள்ளேயே புகைகிறது என்று நினைத்து நினைத்துப் பாதி உடம்பாகிவிட்டாள்.

நல்ல எழுத்தில் தன் பெயரைப் பெரிசாகப் பார்த்தால், மனிதர் ஒரே ஒரு தடவையாவது அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டாரா? அதற்காகத்தான் தீபாவளிச் சேலை வேண்டாமென்று விட்டு, அவருக்குத் தெரியாமல் பத்துமலையிடம் சொல்லி வைத்தாள்.

பலகை கையோடு வந்தது. பத்துமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வருசமா வெளியில கெடக்கு, சங்கிலியில ஒரு பொட்டுத் துரு இல்லயே! எண்ணெ கிண்ணெ போடுவாரா?"

"எண்ணெயும் இல்ல, ஒன்னும் இல்லண்ணே. வெளிய போயிட்டு வரப்பல்லாம் ஒரு தடவு தடவிட்டுத்தான் உள்ள நொழைவாரு. தன் கைவேலையாச்சே, அம்புட்டுப் பெரும."

புதுப் போர்டு வாசலுக்கு மேலே ஏறியது. மேல் வரி மலாயில், கீழ் வரி தமிழில், 'அர்ச்சுனன் சைக்கிள் கடை'. பத்துமலை ஏணியில் நின்றபடியே ஓரத்துக்கு இன்னொரு கை சிவப்புச் சாயம் பூசினார். அந்த வாடையில் கடையின் ரப்பர்ப் பசை வாசமே அமுங்கிப் போனது.

"தங்கச்சி, வராருலா."

"சத்தங்காட்டாதீங்கண்ணே. அவராவே பாக்கட்டும்."

இந்த நேரத்தில் அவள் எப்போதும் பின்கட்டில் அடுப்போடு இருப்பாள். அவர் நடந்து வருவதை வாசலில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், சுவரை ஒட்டி ஒட்டி வந்தார். இடது கை சுவரைத் தடவிக்கொண்டே வந்தது.

கை, பலகை இருந்த இடத்துக்கு வந்து நின்றது. நான்கு ஆணி ஓட்டைகளைத் தொட்டது. மேலே தேடியது, கீழே தேடியது.

அவர் கடையைத் தாண்டிப் போனார். அடுத்த தையல் கடைச் சுவரையும் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

'மேல பாருங்க, மேல பாருங்க' என்று செல்லாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வேண்டினாள். கைகள் தாமாகவே குவிந்தன.

அவர் அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றார். யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்ததுபோல் தலையை நிமிர்த்தினார். ஒரு வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் அவள் முகத்துக்கு நேரே பார்த்தார்.

"அண்ணே, செல்லாயி கடை எந்தப் பக்கம்?"

நல்லாயிருங்க கண்ணுகளா. உங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிற ஒவ்வொரு கைக்கும் உங்கள் வாசல் தட்டுப்படட்டும்.