தாய்வீட்டில் வராத தலைவலி

"மாமி!"

"இருக்கேன், இருக்கேன். இன்னும் சாகல."

மூடிய கதவுக்கு வெளியே முனீரா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் விறகு பிளக்கும் கோடரி.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் ஜூனா. மருமகளின் அறைக்குள் புகுந்து, அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பில் கரியை நிரப்பிப் பற்றவைத்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாகிறது.

"ஒரு பகல் முழுக்க இங்கேயே உக்காந்து காட்டுறேன். எனக்கு வருதா பாப்போம், உன் தலைவலி."

கல்யாணமாகி ஸ்ரீநகரின் இந்த வீட்டுக்கு வந்தபின் முனீராவுக்கு இது முதல் குளிர்காலம். புகாரி பற்றவைத்த முதல் வாரமே தலைவலி தொடங்கிவிட்டது. விடிந்து எழும்போதே மண்டையைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கியது போலிருக்கும். சில நாள் குமட்டும்.

கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். போட்டுக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார். விழுங்கினாள்.

"இப்ப நடிப்புக்குக் கண்ணாடி வேறயா?" என்றாள் ஜூனா.

கணவன் இம்தியாஸ் ஜம்முவுக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஒரு ராத்திரிதான் வீட்டில் தங்குவான். மறுநாள் காலை அவனும் தலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். அவனுக்கு வந்தால் அது களைப்பு. அவளுக்கு வந்தால் நடிப்பு.

இரண்டு முறை தாய்வீட்டுக்குப் போய்த் தங்கினாள். இரண்டு முறையும் வலி பறந்துவிட்டது. ஜூனாவுக்கு அது போதுமாயிருந்தது. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "எங்க மருமக தலைவலிக்கு அவங்கம்மா வீட்டு வாசல்தான் மருந்து."

நேற்று சுகாதார நிலையத்தில் டாக்டர் ரூஹி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு பக்கம் மட்டும் துடிக்கிறதா? இல்லை. வெளிச்சம் பார்த்தால் கூடுகிறதா? இல்லை. குனிந்தால் முகம் கனக்கிறதா? மூக்கு அடைக்கிறதா? இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கண்ணில் சிவப்பில்லை.

"எங்கேயாவது போனா வலி விடுதா?"

முனீராவுக்கு முகம் சுட்டது. மாமியார் குத்திக் காட்டும் அதே விஷயம். ஆனாலும் தலையை நிமிர்த்தியே சொன்னாள். "அம்மா வீட்டுக்குப் போனா விட்டுடும். சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீ தூங்குற ரூம்ல என்ன எரியுது?"

கரி. விறகாக இருந்தால் புகை காட்டிக் கொடுத்திருக்கும். கரி எரிந்து வரும் நச்சுக் காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. குழாய் வழியாக வெளியே போக வேண்டிய நச்சு அறைக்குள்ளேயே தங்குகிறது என்றாள் டாக்டர். இனி அந்த அறையில் ஒரு ராத்திரிகூடப் படுக்காதே, குழாயை உடனே கழற்றிப் பார்க்கச் சொல் என்றாள்.

வந்து சொன்னதற்குத்தான் ஜூனாவுக்கு ரோஷம் வந்தது. முப்பது வருஷமாக அவள் புழங்கிய அடுப்பு. அதையா குற்றம் சொல்வது?

"மாமி!"

"தொல்ல பண்ணாதடி."

குரல் குழறியது. முனீரா எழுந்து நின்றாள்.

"மாமி, உங்க பேரு என்ன? சொல்லுங்க."

பதிலில்லை.

"மாமி!"

முதல் வெட்டிலேயே பலகை பிளந்தது. மூன்றாவதில் தாழ்ப்பாள் தெறித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து கோடரியின் முதுகால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். சுவரில் சாய்ந்து கிடந்த ஜூனாவின் அக்குளில் கைகொடுத்து, மாடிப்படி வழியாக இழுத்து, முற்றத்துப் பனியில் கொண்டுவந்து போட்டாள்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். யாரோ ஒருத்தி வண்டி கூட்டிவர ஓடினாள்.

ஜூனா கண் திறந்தாள். ஒரு பக்கமாகத் திரும்பி வாந்தியெடுத்தாள். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெடிச்சுடும் போல இருக்குடி."

"இதோடதான் நாப்பது நாளா உங்களுக்குச் சோறு வடிச்சேன்," என்றாள் முனீரா. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

இதற்குள் எதிர்வீட்டு அஹத் ஏணி போட்டு ஏறி, சுவருக்கு வெளியே நீண்டிருந்த புகாரிக் குழாயில் கையை விட்டிருந்தார். சிக்கியதை இழுத்துக் கீழே எறிந்தார்.

"பாதிக் குழாயை அடச்சுக் கிடக்கு. எந்தப் புத்திசாலி திணிச்சது இதை?"

பழைய கம்பளி ஃபெரன் அங்கியிலிருந்து கிழித்த ஒரு கை. கரி அப்பியிருந்தும் ஓரத்துப் பூவேலை தெரிந்தது. ஊதா நூல்.

அந்த ஃபெரனின் மிச்சத்தை முனீரா தினமும் பார்க்கிறாள். சமையலறையில் பானை பிடிக்கும் துணி அது. அவள் மாமியாரைப் பார்த்தாள்.

ஜூனா ஒரு கையைப் பனியில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் பழைய குரல்தான்.

"எதுக்கு முழிக்கிற? என்னோடதுதான். போன கோடையில குருவி கூடு கட்டிச்சுன்னு நான்தான் திணிச்சேன். எடுக்க மறந்துட்டேன். போ, போய் உங்கம்மாகிட்ட சொல்லு. தெரு முழுக்கச் சொல்லு."

"சொல்லத்தான் போறேன்," என்றாள் முனீரா.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. மாமியாரின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் தூக்கி நிறுத்தினாள்.