கரையான் சுற்றறிக்கை

ஓர் ஆபீசின் மர அலமாரியில், தடித்த இங்கிலீஷ் அகராதிக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. ஒருநாள் அலமாரிக் கதவில் இங்கிலீஷ் சுற்றறிக்கை ஒன்றை ஒட்டினார்கள். கரையான் ஏறாமல் காப்பது எல்லோருக்கும் ‘பிஹோவ்ஸ்’ என்று அதில் இருந்தது.

“அண்ணே, பிஹோவ்ஸ்னா என்ன?” என்று பல்லி கேட்டது.

அகராதி கனைத்துக்கொண்டது. “பழைய காலத்து வார்த்தை, தம்பி. செஞ்சே ஆகவேண்டிய கடமைன்னு அர்த்தம்.”

“யார் செய்யணும்?”

“அதுதான் அந்த வார்த்தையோட கௌரவம். எத்தனையோ தலைமுறையா அதை அடுத்தவனுக்குத்தான் சொல்றாங்க. தனக்குன்னு எவனும் சொல்லிக்கிட்டதில்லை.”

பல்லிக்கு நிம்மதியாகிவிட்டது.

மறுவாரம் அலமாரியின் காலில் கரையான் புற்று கோடாக ஏறியது. பல்லி நாக்கை நீட்டினால் எட்டும்.

“அண்ணே, கரையான்!”

“படிச்சவங்க பாத்துக்குவாங்க. நீ பேசாம படு.”

பல்லியும் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து “அண்ணே” என்று கூப்பிட்டது. பதில் இல்லை. தொட்டதும் அட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு பக்கம் இல்லை, ஒரு சொல் இல்லை, வெறும் ஈரமண்! பல்லி தொண்டை கிழிய அலறியது.

வெளியே ஹெட்கிளார்க், ‘அலமாரி பத்திரமாக உள்ளது’ என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் மேசையை விரலால் மூன்று முறை தட்டினார்.

“பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு!” என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.