கிளம்ப மறுத்த கார்

“பொண்ணு ஊட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க. நல்ல நேரம் போறதுக்குள்ள கிணத்துக்கடவு சேரோணும். இன்னைக்குப் பார்த்தா மக்கர் பண்ணோணும்?” என்று குமாரசாமி கத்தினார்.

டிரைவர் ராசப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தான், இன்ஜின் கிளம்பவில்லை. ஹாரனை அமுக்கினான், சத்தமே வரவில்லை.

“கரண்டே வரலீங்க. பேட்டரியைப் பார்க்கோணுமுங்க.”

“நேத்தே பார்க்காம என்னத்தைக் கிழிச்சே? இன்னையோட நீ வேலைக்கு வர வேண்டாம், போ!”

குமாரசாமியின் மனைவி தெய்வாத்தாள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரியைப் பார்க்கக் காரின் அடிப்பலகையைத் தூக்கிய ராசப்பன் திகைத்தான். “எசமானுங்க, பேட்டரி ஒயரை யாரோ அறுத்துப் போட்டிருக்காங்க!”

“எவன்டா அவன்? கையை ஒடிச்சுப்போடறேன்!”

“ராசப்பனை வையாதீங்க. அறுத்தது நானுங்க” என்று தெய்வாத்தாள் படியிறங்கி வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. “கட்டுனவ நான் இருக்கையில ரெண்டாங் கலியாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போறீங்க. போங்க. ஆனா, எங்கப்பன் எனக்குச் சீராக் குடுத்த கார்ல போக உடமாட்டேன். சக்களத்தியை நடந்தே போய்க் கூட்டிட்டு வாங்க!”



ராசப்பன் பலகையை மூடினான். கார்ச் சாவியைக் கொண்டுபோய்த் தெய்வாத்தாளிடம் கொடுத்தான்.