இரண்டாம் மணி

ஆவூரில் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூனை ஜாஸ்பின் பாதிதான் பார்த்திருக்கிறாள். பூசைக்கு இரண்டாம் மணி அடித்ததும் அம்மா டிவியை அணைத்து, இரட்டைச் சடை பின்னிக் மாதா கோயிலுக்கு இழுத்துப்போய்விடுவாள். முகமூடி வீரன் ஜெயித்தானா என்று கடைசிவரை தெரியவில்லை.

அம்மா இறந்து ஒன்பது வருடம். அதே தொடர் இப்போது ஓடிடியில் வந்திருக்கிறது. ஜாஸ்பின் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சரியாக அந்தப் பாதியில் டிவி தானாக அணைந்தது.

"கரண்டு போச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டார் கணவர் சார்லஸ்.

"இல்லங்க, ஃபேன் ஓடுது. இன்னைக்கு முழுசா பாக்காம எந்திரிக்க மாட்டேன்."

மறுபடி போட்டாள். அணைந்தது. மூன்றாவது முறையும் அணைந்தது.

காபியோடு வந்த சார்லஸ் நின்றுவிட்டார். "தலைக்குக் குளிச்சு முடிய விரிச்சுல்ல போட்டிருந்த? ரெட்டைச் சடை எப்பப் பின்னுன?"

ஜாஸ்பின் திரும்பவில்லை. நான்காவது முறை பட்டனை அழுத்தினாள். சடையில் ரிப்பன் இறுகியது.