நித்திரையடைந்தாள்

எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று எழுதியிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

கைதட்டினார்கள் என்றுதான் இருந்தது.

கடிதத்தின் அடியில் ஒரு படம். கொரியாவின் தெற்கே ஏதோ ஒரு தீவு. சின்ன ஆலயம். நாற்பது பேர் இருக்கலாம், பாதிக்கு மேல் மீன் பிடிக்கிறவர்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. முன்வரிசையில் ஒரு பெண் அட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் ஆங்கில எழுத்தில், கொஞ்சம் கோணலாக, எப்சிபாய் என்று இருந்தது.

எப்சிபாய் அவருடைய மனைவி.

அடக்கம் பண்ணி ஆறு நாள் ஆகிறது.

தீவின் போதகர் லிம்மும், செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் சபை நடத்தும் இவரும் ஏழு வருஷமாக மின்னஞ்சலில் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்ததில்லை. இருவருக்கும் ஆங்கிலம் இரவல். இவர் தமிழில் யோசித்து எழுதுவார். லிம் கொரிய மொழியில் யோசித்து வாசிப்பார். இதுவரை மோசம் போனதில்லை. புயல், வறட்சி, சபைச் சண்டை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன.

போன மாதம் இவர் கேட்டது ஒன்றே ஒன்று. டாக்டர் கையை விரித்த பிறகு அவள் சுகமாக வேண்டும் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

'முதுகு வலியில் என் மனைவி சரியாகக் கண்ணயர்ந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. அவள் தூங்க வேண்டும் என்று ஜெபியுங்கள்.'

தீவில் தினமும் விடியுமுன் கூடி ஜெபித்தார்கள்.

இங்கே இவர் வீட்டு ஜன்னல்களைச் சாத்தினார். வீடு கோயிலை ஒட்டி இருந்ததால் கோயில் மணியையும் அடிக்க வேண்டாம் என்றார். அடக்கத்தன்று துக்க மணி அடிக்கட்டுமா என்று கேட்டபோதும் வேண்டாம் என்றே சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் லிம்முக்கு எழுதினார்.

கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். முப்பத்தொரு வருஷமாக அவர் வாயில் வருகிற வார்த்தை அதுதான். ஊரில் யார் போனாலும் அப்படித்தான் அறிவிப்பார். செத்தார் என்று பீடத்தில் நின்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதையே வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் போட்டார்.

'செவ்வாய் காலை நாலு மணிக்கு எப்சிபாய் கர்த்தருக்குள் தூங்கினாள். இப்போது வலி இல்லை. உங்கள் ஜெபத்துக்கு நன்றி.'

அதற்குத்தான் கைதட்டல்.

மீதியையும் வாசித்தார்.

'சபையில் உங்கள் கடிதத்தை வாசித்தேன். ஒரு கிழவர் சந்தோஷத்தில் அழுதுவிட்டார். உங்கள் மனைவியை யாரும் எழுப்ப வேண்டாம். வேண்டுமட்டும் தூங்கட்டும். எழுந்ததும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.'

கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தார். அதுவும் இல்லை. ஆறு நாளாக இல்லை. ஐயாவுக்கு என்ன விசுவாசம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். விசுவாசமும் இல்லை ஒன்றும் இல்லை. மரத்துப்போயிருந்தது. மரத்த காலைத் தரையில் ஊன்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

தப்பைத் திருத்த வேண்டும்.

செத்துப்போனாள் என்பதற்கு ஆங்கிலத்தில் சின்ன வார்த்தைதான். நாலே எழுத்து. அடித்தார். பார்த்தார். எழுத்து எழுத்தாக அழித்தார்.

மறுபடி அடித்தார். மறுபடி அழித்தார்.

அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்த பெண்ணைப் பார்த்தார். அவளுக்கும் எப்சிபாய் வயதுதான் இருக்கும்.

பிறகு ஒரே வரி எழுதினார்.

'எழுந்ததும் சொல்கிறேன்.'

பொய்யா என்று யோசித்தார். முப்பத்தொரு வருஷம் கல்லறைத் தோட்டத்தில் நின்று மற்றவர்களுக்கு, தூங்குகிறவர்கள் ஒருநாள் எழுவார்கள் என்று சொன்னது பொய்யில்லை என்றால் இதுவும் பொய்யில்லை.

அனுப்பிவிட்டார்.

வாசலில் செருமல் கேட்டது. கோயில் மணியடிக்கிற வேதமாணிக்கம். உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"ஐயா, சாயங்கால ஜெபத்துக்கு இனி மணி அடிக்கலாமாய்யா? சனங்க நேரம் தெரியாம பிந்திப் பிந்தி வாராவ."

அவர் எழுந்து படுக்கையறைக்குப் போனார். ஒரு மாதமாகச் சாத்தியிருந்த ஜன்னல் இறுகிப் போயிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித் திறந்தார். எதிரே கல்லறைத் தோட்டம். கடைசி வரிசையில், இன்னும் சிலுவை வைக்காத சிவந்த மண்மேடு.

"அடியும்," என்றார். "பலமா அடியும்."

மணி அடித்தது.

வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. தெருவில் யாரோ நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேதமாணிக்கம் வழக்கமான கணக்குக்கு அடித்து முடித்துக் கயிற்றை விட்டார். கடைசிச் சத்தமும் தேய்ந்து அடங்கியது. காக்கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன.

மண் அப்படியே இருந்தது.

"ஏன் நிறுத்திட்டீரு?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். "அடியும்!"